ஏறக்குறைய நம் ஊர் போல

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், டோசாய் ரயில் தடத்தில், நிஷிகசாய் என்றொரு நிலையம் இருக்கிறது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் உளுத்தம்பருப்பும் பெருங்காயமும் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகம் பயந்ததே, அந்தக் காலத்தில் அதைச் சரிசெய்ய இந்தியாவிலிருந்து வந்த பொறியாளர்கள் இந்தப் பகுதியில்தான் வீடு பிடித்தார்கள். நகரின் நடுவிலுள்ள வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரே ரயிலில் போய்விடலாம் என்பது வசதி. தேதிக் குழப்பம் வராமலே போய்விட்டது. வந்தவர்களில் பலர் போகவில்லை. அவர்களைத் தொடர்ந்து இன்னும் பலர் வந்தார்கள். இன்று டோக்கியோவின் வட்டாரங்களிலேயே இந்தியர்கள் அதிகம் வாழ்வது நிஷிகசாய் அடங்கிய எதோகவா வட்டாரத்தில்தான்.

என் அக்கா மகள் அங்கே இருக்கிறாள். அவளுடைய மாமியார், எங்களுக்குச் சம்பந்தி அம்மா, மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தங்கியிருந்த சமயத்தில் நானும் போயிருந்தேன். மாலையில் பிள்ளைகள் விளையாடும் பூங்காவில் நம் பெண்கள் ஒன்றுகூடுவார்கள். புதிதாக வந்த ஒருத்தி முகம் வாடி உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் தங்கள் முதல் வருடத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அங்கே எப்படி அவமானப்பட்டோம், எப்போது அது அவமானம் என்றே தெரிந்தது, யார் கடைசியில் சொன்னார்கள் என்பதுதான் பேச்சு. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. முற்றிலும் வேறான வழக்கங்களில் யாரும் பெரிதாகத் தடுக்கிவிழவில்லை. ரயிலில் போனில் பேசக் கூடாது, ஓட்டலில் டிப்ஸ் வைக்கக் கூடாது, குப்பையை எரிப்பது எரிக்காதது என்று பிரித்துக் குறித்த கிழமையில் காலையிலேயே வைக்க வேண்டும். இதெல்லாம் நமக்குப் புதிது. புதிது என்று தெரிவதால் கவனமாக இருக்கிறோம், ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்கிறோம். தோக்குஷிமா மாவட்டத்தில் காமிகாட்சு என்ற மலைக் கிராமத்தில் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். நம் ஆட்கள் அங்கே குடிபோனாலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவமானம் நேர்வதெல்லாம் வேறு இடத்தில். செருப்பு, மொய், குளியல், சோறு. இவற்றில் ஜப்பானியருக்கும் நமக்கும் வழக்கம் ஏறக்குறைய ஒன்று. அந்த ஏறக்குறையவில்தான் கால் இடறுகிறது. ‘இது நமக்குத் தெரிந்ததுதானே’ என்று நிமிர்ந்து நடக்கும்போது விழுவதால், வலியும் அதிகம்.

செருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்று கேட்டதும் ஜப்பானுக்குப் புறப்படும் தமிழருக்கு நிம்மதி வருகிறது. நாம் செருப்பை வாசலுக்கு வெளியே விடுகிறோம். அவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே, வீட்டின் தரையைவிட ஒரு படி தாழ்வாக இருக்கும் கென்கன் என்ற இடத்தில் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு மேலே ஏறுகிறார்கள். என் அக்கா மகள் குடிபோன புதிதில், நம் ஊர் அடுக்குமாடியில் செய்வதுபோலவே, வீட்டுக்கு வெளியே நடையில் எல்லோருடைய செருப்பையும் வரிசையாக விட்டிருக்கிறாள். தினமும் காலையில் அதை நேராக அடுக்கிவைத்ததில் அவளுக்குப் பெருமை வேறு. அந்த நடை பொதுவானது. நிலநடுக்கம் வந்தாலோ தீப்பிடித்தாலோ இருட்டில் ஓடி இறங்க வேண்டிய வழி. அதில் ஒரு பூந்தொட்டிகூட இருக்கக் கூடாது என்பது விதி.

யாரும் கதவைத் தட்டிச் சொல்லவில்லை. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: பொது வழியில் பொருள்கள் வைக்க வேண்டாம் என்று குடியிருப்போர் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அவள் படித்துவிட்டு, யாரோ சைக்கிளை நிறுத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். சில நாள் கழித்து இரண்டாவது அறிவிப்பு வந்தது. அதிலும் யார் பெயரும் இல்லை. ஆனால் செருப்பின் படம் போட்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் வெளியே செருப்பு விட்டிருந்தது ஒரே ஒரு வீடு.

அவள் கணவருக்கு நேர்ந்தது இன்னும் சிக்கல். அலுவலக மேலதிகாரி வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். கென்கனில் ஷூவை முறையாகக் கழற்றி, திருப்பி வைத்து, கொடுத்த ஸ்லிப்பரைப் போட்டுக்கொண்டு, பாய் விரித்த தத்தாமி அறைக்குள் நுழையும் முன் அதையும் கழற்றி, எல்லாம் சரியாகவே செய்திருக்கிறார். நடுவில் கழிப்பறைக்குப் போனார். அதற்கென்று தனி ஸ்லிப்பர் அங்கேயே கிடக்கும். அது அந்த வாசற்படியைத் தாண்டி வரக் கூடாது. திரும்பி வரும்போது பேச்சு நினைப்பில் அதைப் போட்டபடியே வந்து பாயில் கால் வைத்துவிட்டார். கழிப்பறைச் செருப்போடு பூஜை அறையில் நுழைந்தால் நம் வீட்டில் என்ன சத்தம் எழும்! அங்கே சத்தமே இல்லை. வீட்டுக்காரர் தோட்டத்து மேப்பிள் மரத்தைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் மனைவி ஒரு கணம் கீழே பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றினார். இவர் உணர்ந்தது ரயிலில் திரும்பி வரும்போது. “திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பார், சித்தி. ரெண்டு வருஷம் அந்த வீட்டம்மா முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியலேன்னார்” என்றாள் அக்கா மகள்.

அந்த மௌனத்தைக் கபடம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்தாளியின் தவறை விருந்தாளி அறியாமல் மூடிவிடுவது பெரிய மரியாதைதான். வந்து போகிறவருக்கு அது போதும். அங்கேயே வாழ வந்தவருக்குத்தான் அது போதாது. சொல்லாத தவறு அடுத்த வீட்டிலும் தொடரும்.

சொன்னவர் ஒருவரும் இருந்தார். அக்கா மகளின் கணவரோடு வேலை செய்யும் ஒருவருடைய தந்தை இறந்துவிட்டார். சாவு வீட்டில் பணம் வைப்பது அங்கே கட்டாயமான முறை. கறுப்பு வெள்ளைக் கயிறு அச்சிட்ட உறை கடையில் கிடைக்கும். கல்யாணத்துக்கு வைப்பது சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிய வேறு உறை. மொய் நோட்டு எழுதும் மண்ணிலிருந்து போனவருக்கு இதில் என்ன குழப்பம் வரப்போகிறது? உறையைச் சரியாகத்தான் வாங்கினார். இரட்டைப்படை ஆகாது என்பதும் தெரியும், 101 வைக்கும் நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரியாதைக்காக வங்கியில் கேட்டு மடிப்பில்லாத புத்தம்புதிய பத்தாயிரம் யென் தாள் ஒன்று வாங்கி வைத்திருந்தார். போகும் வழியில் அதை உறைக்குள் போடும்போது பக்கத்திலிருந்த மூத்த ஊழியர் பார்த்துவிட்டார். கையை நீட்டி வாங்கி, தாளை நடுவில் மடித்து, நகத்தால் அழுத்தி ஒரு கோடு விழச்செய்து திருப்பிக் கொடுத்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் இவர் கேட்டபோது சொன்னார்: கல்யாணத்துக்குப் புதுத் தாள், நாளை எதிர்பார்த்து ஆசையாக எடுத்துவைத்தோம் என்று அர்த்தம். சாவுக்குப் புதுத் தாள் வைத்தால் அதே அர்த்தம்தான் வரும்.

அப்போது அந்தப் பத்தாயிரம் யென் தாளில் இருந்த முகம் ஃபுகுசாவா யுகிச்சியுடையது. 1984 முதல் 2024 வரை அந்தத் தாளில் இருந்தவர். ஜப்பான் உலகுக்குக் கதவைத் திறந்த காலத்தில் மேற்கத்தியக் கல்வியை நாட்டுக்குக் கொண்டுவந்த ஆசிரியர், கேயோ பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அவர் 1860-இல் கன்ரின்மாரு என்ற கப்பலில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து சான்பிரான்சிஸ்கோ போனார். அங்கே தாம் பட்ட கூச்சத்தையெல்லாம் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓட்டலில் தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தது. ஜப்பானில் அது பணக்காரர்கள் சிறு துண்டாக வாங்கிப் பணப்பையும் புகையிலைப் பையும் தைத்துக்கொள்ளும் அருமையான பொருள். அமெரிக்கர்கள் தெருவில் நடந்த ஷூவோடு அதன்மேல் நடந்தார்கள். கோப்பையில் மிதந்த பனிக்கட்டி என்னவென்று தெரியாமல் சிலர் விழுங்கினார்கள், சிலர் துப்பினார்கள், சிலர் கடித்தார்கள். ஃபுகுசாவா குழாய்ப் புகை பிடித்துவிட்டுச் சாம்பலைக் கொட்டத் தட்டு எதுவும் கண்ணில் படாததால் காகிதத்தில் தேய்த்துச் சுருட்டிக் கிமோனோவின் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து புகை வந்தது. நெருப்பு அணைந்திருக்கவில்லை.

ஊரில் யாருக்கும் அஞ்சாத ஆள், அமெரிக்காவில் புகுந்த வீட்டுக்கு வந்த புது மணப்பெண்போல் ஒடுங்கிப்போனதாக அவரே எழுதுகிறார். அவர் சாமுராய்க் குலத்தில் பிறந்தவர். நடை, உட்காரும் விதம், வாளை வைக்கும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் முறை கற்று வளர்ந்தவர். சாம்பலைத் தரையில் கொட்டக் கூடாது என்ற ஒழுக்கம் இருந்ததால்தான் கையிலேயே நெருப்பைச் சுருட்டிவைத்தார். ஒழுக்கமே இல்லாதவனாக இருந்தால் கம்பளத்தில் தட்டிவிட்டுப் போயிருப்பான். வெளிநாட்டில் கூசிப்போன நம் ஆட்களைப் பட்டிக்காடு என்று கேலி செய்கிறவர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நல்ல பழக்கத்தில் வளர்ந்தவருக்குத்தான் இந்த அவமானம் நேர்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது குறைவு, அக்கா மகளோடும் சம்பந்தி அம்மாவோடும் குசாட்சு போனபோது பார்த்தது அதிகம்.

குசாட்சு, குன்மா மாவட்டத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர். உவெனோவிலிருந்து விரைவு ரயிலில் போய், நாகனோஹரா-குசாட்சுகுச்சி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்திலிருந்து இறங்கியதுமே கந்தக வாடை. ஊர் நடுவில் யுபாதகே என்ற இடத்தில் பூமியிலிருந்து பொங்கிவரும் நீர் மரத் தொட்டிக் கால்வாய்கள் வழியாக இறங்கி, ஆவி பறக்கப் பச்சை நிறக் குட்டையில் விழுகிறது. ஊர் முழுவதும் சேர்த்து நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாக ஊறுகிறது என்கிறார்கள். கை வைக்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் கலந்தால் மருந்துக் குணம் நீர்த்துவிடும் என்று, பெண்கள் வரிசையாக நின்று ஆள் உயரப் பலகைகளைத் தொட்டிக்குள் விட்டுப் புரட்டிப் புரட்டி ஆறவைக்கிறார்கள். அதற்கென்று பாட்டும் உண்டு. நடவுப் பாட்டுக் கேட்டு வளர்ந்த சம்பந்தி அம்மா அதைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்றார். குளியலுக்குப் பாட்டுப் பாடும் ஊர் அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அவருக்கு எழுபது வயது. பாமணி ஆற்றில் குளித்து வளர்ந்தவர். வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார், புள்ளிக் கோலம் ஒன்று. புறப்படும் முன்பே அக்கா மகள் தோல் நிறத்தில் ஒட்டுத்தாள் வாங்கி வந்து அந்தக் கோலத்தின்மேல் ஒட்டினாள். ஜப்பானில் பச்சை குத்தியவர்களைப் பல பொதுக் குளியலறைகள் உள்ளே விடுவதில்லை. உடம்பெல்லாம் சித்திரம் குத்திக்கொள்வது யாகுசா என்ற ரவுடிக் கும்பலின் அடையாளம் என்பது காரணம். 2015-இல் அரசின் சுற்றுலா முகமை விசாரித்தபோது, பதில் சொன்ன விடுதிகளில் பாதிக்கும் மேல் மறுப்பதாகவே சொல்லின. 2013-இல் நியூசிலாந்திலிருந்து ஒரு மாவோரிப் பெண், ஹொக்கைடோவின் பழங்குடியான ஐனு மக்களின் மொழி பற்றிய மாநாட்டுக்கு வந்தார். முகத்திலிருந்த குலச் சின்னத்தைக் காரணம் காட்டி அவரைக் குளிக்க விடவில்லை. ஐனுப் பெண்களும் ஒரு காலத்தில் வாயைச் சுற்றிப் பச்சை குத்திக்கொண்டவர்கள்தான். 1871-இல் அரசு அதைத் தடை செய்தது. அடுத்த வருடமே டோக்கியோவில் பச்சை குத்துதல், ஆணும் பெண்ணும் சேர்ந்து குளித்தல், அரைகுறை உடையில் தெருவில் திரிதல் எல்லாம் குற்றமாயின. துறைமுகங்களில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் பார்த்து முகம் சுளிப்பார்களே என்ற கூச்சம் அதன் பின்னால் இருந்தது. ஒரு தேசமே அந்நியர் கண்ணுக்கு முன் கூசி, தன் பழக்கத்தைச் சட்டம் போட்டு மறைத்தது. பச்சை குத்துவதன் மீதான தடை 1948 வரை நீங்கவில்லை.

“செத்தாக்கூட நம்மளோட வர்றது இந்தப் பச்சை ஒண்ணுதாம்பாங்க. இதைப் போயி மறைக்கணுமா?” என்று கேட்டார் சம்பந்தி அம்மா. கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

விடுதியில் பெண்கள் குளியலறை தரைத்தளத்தில் இருந்தது. உடை மாற்றும் அறையில் மூங்கில் கூடைகள். இங்கே எல்லாவற்றையும் களைந்துவிட்டு ஒரு சின்னத் துண்டோடு உள்ளே போக வேண்டும். சுவரோரம் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்து சோப்புப் போட்டு அழுக்குப் போகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். தொட்டி ஊறுவதற்கு, தேய்ப்பதற்கு இல்லை. துண்டுகூடத் தண்ணீரில் படக் கூடாது. எனக்கும் கை தயங்கத்தான் செய்தது. ஒருவழியாகத் துணிந்து நானும் அக்கா மகளும் முன்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தோம்.

பின்னால் கதவு நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சம்பந்தி அம்மா பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். காவிரிக் கரையில் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிக்கும் கோலம். நேரே தொட்டிக்குப் போனார். குனிந்து இரு கையாலும் நீரை அள்ளித் தலையில் மூன்று தரம் தெளித்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கினார். பாவாடை காற்றடைத்து நீரில் உப்பி மிதந்தது.

உள்ளே நாலைந்து பெண்கள் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தொட்டியிலிருந்த ஓர் இளம்பெண் எழுந்து மெதுவாக வெளியேறினாள். எங்களுக்குக் குரல் வரவில்லை. சம்பந்தி அம்மா வயதுதான் இருக்கும், ஒரு ஜப்பானியப் பாட்டி தன் முக்காலியிலிருந்து எழுந்து தொட்டியருகே வந்து குனிந்து வணங்கினார். தனக்குப் பக்கத்து முக்காலியைக் கையால் காட்டினார். சம்பந்தி அம்மா மரியாதைக்கு அழைக்கிறார் என்று எண்ணி ஏறி வந்து உட்கார்ந்தார். பாட்டி மரவாளியில் வெந்நீர் பிடித்து, சூடு அளவாக இருக்கிறதா என்று தன் கையைவிட்டுப் பார்த்து, எதிரே வைத்தார். பிறகு தன் கையில் சோப்பைத் தேய்த்து, கழுத்து, தோள், கால் என்று ஒவ்வொன்றாக, குழந்தைக்குக் காட்டும் நிதானத்தோடு கழுவிக் காட்டினார். கடைசியில் சம்பந்தி அம்மாவின் முதுகில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஈரப் பாவாடைமேல் நீர் விழுந்தபோதுதான் சம்பந்தி அம்மா சுற்றிப் பார்த்தார். துணி கட்டியிருப்பது தான் ஒருத்திதான் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. எழுந்து, கைகூப்பி அந்தப் பாட்டியைக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அறைக்கு வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஏம்மா, எனக்குக் குளிக்கத் தெரியாதுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர் சொன்னதில்லே.”

அக்கா மகள் அழுதுவிட்டாள். ஒட்டுத்தாள் ஒட்டத் தெரிந்தவளுக்கு இதை முன்கூட்டிச் சொல்லத் தெரியாதா என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டேன். “எப்படி சித்தி சொல்லுவேன்? துணியில்லாம இறங்கணும் அத்தைன்னு என் வாயால எப்படி வரும்?” என்றாள். அவள் சொன்னது நியாயம். ஜப்பானியர் வாயைத் திறக்கவில்லை என்று பூங்காவில் உட்கார்ந்து குறைப்பட்ட நாங்களும் வாயைத் திறக்கவில்லை. மாமியாரிடம் சொல்லக் கூசும் வார்த்தை ஒரு மருமகளுக்கு இருக்கிறது. அதைக் கேட்கக் கூசும் காது மாமியாருக்கு இருக்கிறது. அந்த இரண்டு கூச்சமும் சேர்ந்துதான் அவரை அந்தத் தொட்டிக்குள் இறக்கின.

அந்த விடுதியில் உள்ளே தாழிட்டுக்கொண்டு தனியாகக் குளிக்கும் அறையும் இருந்தது, மணிக்கணக்குக்கு வாடகை. அப்படிப்பட்ட அறைகள் இப்போது பல வெந்நீர் ஊர்களில் கிடைக்கின்றன. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். இரவு சம்பந்தி அம்மா அங்கே தனியாகப் போனார். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவி, பிறகுதான் தொட்டியில் இறங்கினாராம். பாவாடையோடா இல்லாமலா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. “அவங்க சொல்றது சரிதாம்மா. நம்ம கோயில் குளத்துலயும் காலைக் கழுவிட்டுத்தானே இறங்கச் சொல்லுவாங்க. அடுத்தவங்க இறங்கற தண்ணியாச்சே” என்றார். குசாட்சு நீரின் அமிலமும் கந்தகமும் பட்டுக் கால் மெட்டி கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. உள்ளே நகை போடாதீர்கள் என்று எழுதியிருந்ததை நாங்கள் சொல்லியும், மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றிருந்தார். நிஷிகசாய் வந்ததும் திருநீற்றைப் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டார்.

அந்தப் பாட்டி செய்ததை அவர் பலமுறை எடுத்துச் சொன்னார். திட்டாமல், ஒதுங்கிப் போகாமல், கிட்ட வந்து உட்கார்ந்து காட்டினாளே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கூசவைத்த நாளிலேயே அவருக்கு நன்றி சொல்லவும் ஒருத்தி கிடைத்திருந்தாள்.

நிஷிகசாய் திரும்பிய பிறகு, கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஜப்பானிய அம்மாவைச் சாப்பிட அழைக்க வேண்டும் என்றார். புது வீட்டுக்குக் குடிபோனால் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு என்று சிறு பரிசோடு போய் அறிமுகப்படுத்திக்கொள்வது அங்கே முறை. அக்கா மகள் அது தெரியாமல் விட்டுவிட்டு, வழியில் பார்த்தால் தலைவணங்குவதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வந்தார், இரு கையாலும் நீட்டிய பழப் பெட்டியோடு. உறைய வைத்து விற்கும் வாழை இலையை வாங்கி விரித்துச் சாப்பாடு போட்டோம்.

சாம்பார் சோற்றை அந்த அம்மா ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். சோற்றை மீதி வைத்தால் பாவம் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். காலி இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் பாவம் என்று கேட்டு வளர்ந்தவர் சம்பந்தி அம்மா. இவர் போட்டார், அவர் தீர்த்தார். மறுபடி போட்டார், மறுபடியும் தீர்த்தார். ரசத்துக்கு வருவதற்குள் அந்த அம்மாவின் நெற்றியில் வியர்வை. அக்கா மகள்தான் இந்தத் தடவை வாய் திறந்தாள். “அத்தை, அவங்க மிச்சம் வெக்க மாட்டாங்க. நீங்க நிறுத்தினாத்தான் அவங்களுக்கு விடுதலை” என்று இங்கே சொல்லி, அதையே அங்கேயும் பணிவான ஜப்பானிய மொழியில் சொன்னாள். போதும் என்றால் இலைமேல் கையை மறைக்கலாம், முடித்தால் இலையை நம் பக்கமாக மடிக்கலாம் என்று சம்பந்தி அம்மா மடித்துக் காட்டினார். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில் மட்டும் என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டுவைக்கக் கூடாது, இறந்தவரின் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவோம் என்றார். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவு மாற்றவும் கூடாது. எரியூட்டிய பிறகு உறவினர்கள் கூடி எலும்பைக் குச்சியால் எடுத்துக் கலசத்தில் சேர்ப்பது அப்படித்தான், கால் பக்கத்திலிருந்து தொடங்கித் தலை கடைசியாக என்றும் சொன்னார். “நம்ம காடாத்து மாதிரி” என்றார் சம்பந்தி அம்மா. கணவரைப் பற்றி அந்த அம்மா பேசத் தொடங்கியது அப்போதுதான்.

எழுந்து போகும் நேரத்தில் சம்பந்தி அம்மா மருமகளைக் கூப்பிட்டார். “நம்மால அவங்களுக்கு ஏதும் தொந்தரவு இருக்கான்னு கேளு. நாங்க கோவிச்சுக்க மாட்டோம், தெரிஞ்சுக்கணும்னு கேக்கறோம்னு சொல்லு.” அக்கா மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அந்த அம்மா இல்லவே இல்லை என்று கையை ஆட்டினார். சம்பந்தி அம்மா விடவில்லை. மறுபடி கேட்கச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் ஒரு சத்தம் வருகிறது, கல்லை உருட்டுவதுபோல, மருத்துவச் சிகிச்சைக்கான இயந்திரமாக இருக்கும் என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிட்டேன், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார்.

கோயம்புத்தூர் கிரைண்டர். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட் என்பதால் மின்னழுத்தத்தைக் கூட்டும் பெட்டி ஒன்றையும் சேர்த்துவைத்து, அலுவலகம் போகும் முன் மாவாட்டி முடிக்க வேண்டுமென்று ஐந்து மணிக்கே ஓடவிடுவார்கள். அந்த அம்மாவின் படுக்கையறைக்கு நேர் மேலே.

அக்கா மகள் முகம் சிவந்து நின்றாள். சம்பந்தி அம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப்போய்க் கிரைண்டரைக் காட்டி, மூடியைத் திறந்து கல்லைத் தொடவைத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாரத்துக்கு ஒருமுறை ஆட்டுகிறார்கள்; கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய். முதல் ஈட்டு இட்லி கீழ் வீட்டுக்குப் போகிறது. தட்டு திரும்பி வரும்போது அதில் ஏதாவது இருக்கும், கூடவே ஒரு சின்னச் சீட்டில் அடுத்த விஷயம்: மொட்டை மாடிக் கதவு, பிள்ளைகள் குதிக்கும் நேரம், குப்பை வலையைக் காக்கை இழுக்காமல் கட்டும் விதம்.